பொறியியல்தானா என்று உறுதியில்லாதபோது இரண்டு கம்பஸில் எதைத் தெரிவது? திருகோணமலை மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியும் தெரிந்துவிட்டால் வீட்டில் முதல் கேள்வி "எந்தக் கம்பஸ்?" என்பதுதான். கணிதப் பிரிவில் படித்த பிள்ளை என்றால் பொறியியல் முடிந்துபோன விஷயம் மாதிரியே எல்லாரும் பேசுவார்கள். பிள்ளைக்கே அதில் உறுதியில்லை என்றால் கம்பஸ்களை ஒப்பிடும் அளவுகோல் மாறவேண்டும். பொறியியலில் உறுதியாக இருப்பவர் எந்தப் பீடம் பலமானது என்று பார்த்தால் போதும். தயங்குபவர் பார்க்கவேண்டியது, ஒரு வருடம் கழித்து மனம் மாறினால் எந்த இடத்தில் இழப்பு குறைவு என்பதை.

இலங்கையில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில நாடுகளில் பல்கலைக்கழகத்துக்குள் போய் ஒரு வருடம் பல பாடங்களையும் படித்துப் பார்த்துவிட்டுத் துறையை எடுக்கலாம். இங்கே கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்த்தே விண்ணப்பத்தில் எழுதவேண்டும். பதிவு செய்த பிறகு பொறியியல் பீடத்திலிருந்து விஞ்ஞான பீடத்துக்கு மாறுவது நடைமுறையில் மூடிய கதவுதான். ஆகவே யோசிக்கும் வேலை முழுவதும் விருப்ப வரிசையை எழுதும் முன்பே முடிந்திருக்கவேண்டும்.

முதல் படி: தயக்கம் எந்த வகை?

"எனக்குத் தெரியாது" என்ற ஒரே பதிலுக்குள் நான்கு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கும். பிரித்துப் பார்க்காமல் கம்பஸைத் தெரிந்தால் பிழையான கேள்விக்குச் சரியான பதில் கிடைத்த கதையாகிவிடும்.

எஞ்சினியர் நாளாந்தம் என்ன செய்கிறார் என்றே தெரியாத நிலைதான் அதிகம். ஒரு வாரத்தில் தீர்க்கக்கூடியதும் இதுதான். இன்னும் சிலருக்குக் கணிதமோ பௌதிகமோ தனியாகப் பிடிக்கும். வரைபடம், இயந்திரம், கொங்கிரீட் என்று போனால் சலித்துவிடும். இவர்கள் பௌதிக விஞ்ஞானத்தைக் கண்ணியமான முதல் தெரிவாகவே பார்க்கலாம். 'எஞ்சினியரிங் கிடைக்காதவர் போகிற இடம்' என்று ஊரில் சொல்வதைக் காதில் வாங்கத் தேவையில்லை.

வேறு ஒன்று ஏற்கெனவே மனதில் இருந்து, அதை வீட்டில் சொல்லப் பயப்படுபவர்களும் உண்டு. அது தயக்கமே அல்ல. மொறட்டுவையில் கட்டடக்கலையும் கணிய அளவையியலும், சப்ரகமுவவில் நில அளவை விஞ்ஞானமும், பல இடங்களில் கணினி விஞ்ஞானமும் தனித்தனிக் கற்கைநெறிகளாகவே இருக்கின்றன. கட்டடக்கலைக்கு உளச்சார்புப் பரீட்சை வேறாக நடக்கும். அதற்கான அறிவித்தலைத் தவறவிட்டால் இசட் புள்ளி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை.

நான்காவது, ஆங்கில விரிவுரையையும் சிங்களம் பேசும் சூழலையும் தாங்கமுடியுமா என்ற பயம். இது கம்பஸைப் பற்றிய பயம், பொறியியலைப் பற்றியது அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பிடித்த துறையைக் கைவிட்டவர்கள் எங்கள் மாவட்டத்தில் குறைவில்லை.

இரண்டாம் படி: ஒரு வாரப் பரிசோதனை

ஊரிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. துறைமுகம், சீனக்குடாவில் சீமெந்து ஆலையும் மா ஆலையும், நீர்ப்பாசனத் திணைக்களம், நீர் வழங்கல் சபை, மின்சார சபை, வீதி வேலைகள். தெரிந்தவர் மூலம் ஓர் எஞ்சினியரையோ தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ பிடித்து, "சேர், ஒரு நாள் உங்கட வேலையைப் பக்கத்தில நின்று பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். சம்பளத்தைப் பற்றி அன்று பேசவேண்டாம். நேற்று எது பிழைத்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். 1986இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்த மாவட்டம் இது. கட்டில் நீர்க்கசிவை இன்று எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்று நீர்ப்பாசன எஞ்சினியரிடம் கேட்டால், அந்த அரை மணி நேரம் ஒரு தொழில் வழிகாட்டல் கருத்தரங்கைவிடப் பெறுமதியானது.

கட்டட வேலைத்தளம் கிடைத்தால் கொங்கிரீட் இறங்கும் நாளில் போங்கள். சரிவுச் சோதனை செய்வார்கள். 300 மி.மீ. உயரமான ஒரு தகரக் கூம்பு. அடி விட்டம் 200 மி.மீ., மேல் விட்டம் 100 மி.மீ. அதில் மூன்று படையாகக் கொங்கிரீட்டை நிரப்பி, ஒவ்வொரு படையையும் 16 மி.மீ. கம்பியால் 25 தரம் குத்துவார்கள். மேலே மட்டம் தட்டி, கூம்பை நேரே மேல்நோக்கித் தூக்கி, பக்கத்தில் கவிழ்த்து வைத்து, கொங்கிரீட் எவ்வளவு இறங்கியது என்று அளப்பார்கள். சீராக இறங்காமல் ஒரு பக்கம் வெட்டிச் சரிந்தால் அந்த அளவு செல்லாது, திரும்பச் செய்யவேண்டும். அதே கலவையில் 150 மி.மீ. கனக்குற்றிகளும் வார்த்து, 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் உடைத்து வலிமை பார்ப்பார்கள். ஆனால் லொறி அத்தனை நாள் காத்திருக்காது. கொந்திராத்துக்காரர் அவசரப்படுத்துவார், வெயில் ஏறும். இந்த லோடை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்பதைப் பொறுப்பானவர் அங்கேயே நின்று சொல்லவேண்டும்.

இதைப் பார்க்கும்போது "ஏன் சரிந்தது? தண்ணீர் கூடிவிட்டதா?" என்று மனம் தானாகக் கேட்டால் அது நல்ல அறிகுறி. வெயிலும் தூசியும் மட்டும்தான் நினைவில் நிற்கிறது என்றால் சிவில் உங்களுக்குச் சரிவராமல் போகலாம். மின், கணினித் துறைகளின் வேலை முற்றிலும் வேறு என்பதால், அதை வைத்துப் பொறியியலையே தள்ளவேண்டாம்.

மேசையில் செய்யவேண்டிய பரிசோதனையும் உண்டு. எந்தப் பீடமானாலும் முதலாம் வருடத்தில் கணிதம், பொறிமுறை, மின்னியல், பொருட்கள், கணினி நிரலாக்கம், பொறியியல் வரைதல் ஆகியவை எப்படியும் வரும். பைத்தனில் இரண்டு மூன்று மாலை செலவழித்து, இருபடிச் சமன்பாட்டின் மூலங்களைக் காணும் நிரல் ஒன்றை நீங்களே எழுதுங்கள். வீட்டில் உள்ள ஒரு கதவுப் பூட்டை முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் என்று அளவோடு வரைந்து பாருங்கள். முதல் மணி நேரம் எல்லாருக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். மூன்றாவது மணியிலும் பிழையைத் தேடத் தோன்றுகிறதா என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம் படி: அனுமதி எப்படி நடக்கிறது

இசட் புள்ளி என்பது மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரி. இணைந்த கணிதத்தில் 1.8, பௌதிகவியலில் 1.5, இரசாயனவியலில் 1.2 என்றால் உங்கள் இசட் புள்ளி 1.5. பொறியியல் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகும். திருகோணமலை அந்த 16இல் ஒன்று. ஆகவே கொழும்பில் உள்ள மச்சானுக்குச் சொல்லப்பட்ட வெட்டுப்புள்ளியை வைத்து உங்கள் வாய்ப்பைக் கணிக்கவேண்டாம். ரியூசனுக்காக வேறு மாவட்டத்தில் போய்ப் படித்தவர்கள், தாங்கள் எந்த மாவட்டத்தில் கணக்கிடப்படுவார்கள் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெட்டுப்புள்ளி முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவதில்லை. தெரிவு முடிந்த பிறகு, கடைசியாக உள்ளே போனவரின் புள்ளிதான் வெட்டுப்புள்ளி ஆகிறது. சென்ற வருடத்து எண் திசையைக் காட்டும், உத்தரவாதம் தராது. மூன்று நான்கு வருடங்களின் எண்களை வரிசையாக எழுதினால் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று புரியும்.

விருப்ப வரிசையில் அதிகம் நடக்கும் பிழை, 'கிடைக்கக்கூடியதை' முதலாவதாக எழுதுவது. மேலே எழுதியது கிடைக்காவிட்டால்தான் அடுத்ததைப் பார்ப்பார்கள். மேலே எட்டாத ஒன்றை எழுதியதற்காகக் கீழே உள்ளதை இழக்கமாட்டீர்கள். ஆனால் கீழே எழுதிய ஒன்றை மனம் விரும்பி, மேலே எழுதியது கிடைத்துவிட்டால் அதுதான் உங்கள் இடம். வெற்றிடம் நிரப்பும் சுற்றும் உங்களை உங்கள் பட்டியலில் மேல்நோக்கித்தான் நகர்த்தும். எனவே மெய்யாக விரும்பும் ஒழுங்கிலேயே எழுதுங்கள், வெட்டுப்புள்ளியின் ஒழுங்கில் அல்ல.

தொழில்நுட்பப் பிரிவில் படித்தவர்களுக்கு ஒரு குறிப்பு. கையேட்டில் 'பொறியியல்' வேறு, 'பொறியியல் தொழில்நுட்பம்' வேறு. இரண்டாவதற்கான பட்டம் வேறு, பொறியியல் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் பொறியியல் பேரவையில் பதிவாகும் வகையும் வேறாக இருக்கலாம். பெயர் ஒத்திருப்பதை நம்பவேண்டாம்.

நான்காம் படி: இரண்டையும் அருகருகே வைப்பது

திருகோணமலை வீடுகளில் பெரும்பாலும் மூன்று வகை இணைகள்தான் மேசைக்கு வரும்.

முதலாவது பேராதனையா, மொறட்டுவையா என்பது. இரண்டும் பழைய, பலமான பீடங்கள். தயங்குபவர் இங்கே கேட்கவேண்டிய ஒரே கேள்வி: துறையை எப்போது பிரிக்கிறார்கள், எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? மொறட்டுவையில் முதல் அரையாண்டு முடிந்ததுமே பெறுபேற்றையும் விருப்பத்தையும் வைத்துத் துறை பிரிக்கும் வழக்கம் இருந்துவந்தது. பேராதனையில் முதலாம் வருடம் பொதுவாகப் போகும். எந்தத் துறை என்று தெரியாதவருக்கு நீண்ட பொதுக்காலம் நல்லது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் இந்த வருடத்துப் பீடக் கையேட்டில் சரிபாருங்கள். மொறட்டுவையின் சில பொறியியல் துறைகள் விண்ணப்பத்திலேயே தனிக் குறியீட்டில் வந்த வருடங்களும் உண்டு. அப்படி ஒன்றில் நுழைந்தவர் பிறகு கணினிக்கோ சிவிலுக்கோ மாறலாம் என்று எண்ணியிருந்தால் ஏமாற்றமே. குறியீட்டின் மூன்று இலக்கங்களையும் எழுத்தையும் ஒவ்வொன்றாக வாசியுங்கள்.

இரண்டாவது கிளிநொச்சியா, ஒலுவிலா என்பது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்று எழுதியிருந்தாலும் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் உள்ள யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் அறை தேடிக்கொண்டு நிற்கவேண்டாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடம் ஒலுவிலில். இரண்டுமே கடந்த பத்துப் பதினைந்து வருடங்களுக்குள் தொடங்கியவை. இங்கே துறைகளின் எண்ணிக்கை குறைவு என்பது தயங்குபவருக்கு முக்கியம். உங்கள் மனம் இரசாயனப் பொறியியலிலோ பொருட் பொறியியலிலோ இருந்தால் அந்தத் துறை அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கப்பல், துறைமுகம் என்று ஆர்வம் இருப்பவர்கள் காலி ஹப்புகலையில் உள்ள ருகுணு பொறியியல் பீடத்தின் கடல்சார் துறையையும் ஒப்பீட்டில் சேர்க்கலாம். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் இதை ஏன் இவ்வளவு குறைவாக விசாரிக்கிறார்கள் என்பது புதிர்.

புதிய பீடங்களில் அங்கீகாரத்தைத் துறை வாரியாகப் பாருங்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அங்கீகாரம் கொடுப்பது பல்கலைக்கழகத்துக்கு அல்ல, ஒவ்வொரு பட்டநெறிக்கும். அதற்குக் கால எல்லையும் உண்டு. பொறியியல் பட்ட அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வொஷிங்டன் உடன்படிக்கையில் 2014இலிருந்து இலங்கை முழு உறுப்பினர் என்பதால், அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு வெளிநாட்டிலும் பெறுமதி இருக்கிறது. கட்டணம் கட்டிப் படிக்கும் கம்பஸ் உங்கள் இணையில் இருந்தால் அதற்கும் இதே பரிசோதனைதான். 'வெளிநாட்டுப் பட்டம்' என்ற விளம்பர வசனம் அங்கீகாரத்துக்கு ஈடாகாது. மானியங்கள் ஆணைக்குழுவின் தெரிவு வெளிவரும் முன்பு முற்பணம் கட்டுவதென்றால், திருப்பித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது இணைதான் இந்த வழிகாட்டியின் மையம்: ஓரிடத்தில் பொறியியல், மற்ற இடத்தில் விஞ்ஞானம் அல்லது கணினி. கிளிநொச்சிப் பொறியியலா, திருநெல்வேலியில் பௌதிக விஞ்ஞானமா? ஒலுவில் பொறியியலா, கோணேசபுரித் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானமோ பிரயோக பௌதிகமும் இலத்திரனியலுமோ?

இங்கே இரண்டு தாள்களை எடுங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கம்பஸின் பெயர். கீழே ஒரே கேள்வி: "முதலாம் வருட முடிவில் இது எனக்குச் சரிவராது என்று தெரிந்தால் என்ன செய்வேன்?" பொறியியல் தாளில் வரக்கூடிய பதில்கள்: பிடிக்காத துறையிலிருந்து பிடித்த துறைக்குப் போகப் புள்ளி போதுமா, நான்கு வருடத்தையும் முடித்து வங்கி, மென்பொருள், முகாமைத்துவம் என்று திரும்பலாமா, இடையில் விட்டால் கையில் என்ன மிஞ்சும். பெரும்பாலும் மூன்று வருடத்தில் ஒரு பட்டத்தோடு வெளியேறும் வழி அங்கே இல்லை. விஞ்ஞானத் தாளில்: பாடச் சேர்க்கையை மாற்றலாமா; மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்கலாமா; நான்காம் வருட விசேட பட்டத்துக்கு எந்தப் பெறுபேறு வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே பாரமில்லை. பொறியியல் படித்தவர் பிறகு கணக்கியலுக்கோ கணினிக்கோ ஆசிரியத்துக்கோ போவது சாதாரணம். பௌதிக விஞ்ஞானம் படித்தவர் பிறகு பட்டயப் பொறியியலாளராக வருவது நீண்ட, சுற்றுவழிப் பயணம். 2017இன் 4ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டத்துக்குப் பிறகு, பொறியியல் தொழில் செய்வதற்குப் பதிவு என்பது விளையாட்டு விஷயமல்ல. ஆகவே 'அரைவாசி விருப்பம்' இருப்பவருக்கு எங்கள் பரிந்துரை பொறியியல். ஒரு வாரப் பரிசோதனையில் தெளிவாக வெறுப்பு வந்தவருக்கு, புள்ளி எவ்வளவு உயர்வாக இருந்தாலும் விஞ்ஞானம் அல்லது கணினி. வெறுப்போடு உள்ளே போனவர் முதலாம் வருடத்தில் பாடங்களைத் திரும்பத் திரும்ப எழுதி, பட்ச் தவறி, ஐந்து ஆறு வருடம் இழுபடுவதுதான் உண்மையான இழப்பு.

சீனியரிடம் கேட்கவேண்டியவை

"கம்பஸ் எப்படி?" என்று கேட்டால் "நல்லம்" என்றுதான் பதில் வரும். எண்ணாகப் பதில் வரக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் பட்சில் சிவிலுக்கும் கணினிக்கும் மின்னுக்கும் கடைசியாகப் போனவரின் ஜி.பி.ஏ. என்ன? முதலாம் வருடத்தில் எந்தப் பாடத்தில் அதிகம் பேர் விழுந்தார்கள்? ஹொஸ்டல் எத்தனை வருடத்துக்கு? தொழில்துறைப் பயிற்சி எத்தனை வாரம், இடத்தைப் பீடம் தேடித் தருகிறதா, நீங்களே தேடினீர்களா? தமிழ்மொழி மூலம் படித்து வந்தவர்கள் ஆங்கில விரிவுரைக்குப் பழக எவ்வளவு காலம் எடுத்தது? இரண்டு கம்பஸிலும் குறைந்தது இரண்டு பேரிடம், ஒருவர் நன்றாகச் செய்தவர், மற்றவர் தடுமாறியவர் என்று பார்த்துக் கேளுங்கள். தடுமாறியவர் சொல்வதில்தான் விஷயம் இருக்கும்.

பகிடிவதை பற்றியும் நேரடியாகக் கேளுங்கள். 1998இன் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். முறையிடும் வழியைப் பதிவு நாளிலேயே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

செலவும் தூரமும்

அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை, செலவு வாழ்க்கைக்குத்தான். ஹொஸ்டல் இல்லாத வருடங்களின் அறை வாடகை, சாப்பாடு, மடிக்கணினி, வரைதல் கருவிகள், வேலைக்கூடச் சப்பாத்து, விடுமுறைப் பயணம் என்று நான்கு வருடத்துக்கும் எழுதுங்கள். பலரும் மறப்பது தொழில்துறைப் பயிற்சிக் காலம். கம்பஸ் ஒலுவிலில் இருந்தாலும் பயிற்சி கொழும்பில் கிடைக்கலாம். அந்த மாதங்களுக்குக் கொழும்பு வாடகைதான். மகாபொல உதவித்தொகையை வரவில் எழுதலாம், ஆனால் முதல் கொடுப்பனவு கைக்கு வர மாதங்கள் ஆகும் என்பதால் முதல் அரையாண்டுச் செலவை வீட்டுப் பணத்திலேயே திட்டமிடுங்கள்.

தூரத்தை வீதியில் அளவிடுங்கள், வரைபடத்தில் அல்ல. கிளிநொச்சிக்கு ஹொரவப்பொத்தானை, வவுனியா வழி; ஒலுவிலுக்கு மூதூர், மட்டக்களப்பு வழி; பேராதனைக்கு ஹபரணை, தம்புள்ளை வழி. மூன்றும் ஏறக்குறைய அரை நாள் பயணம்தான், ஆகவே இவற்றுக்குள் தூரம் ஒரு காரணமாகாது. கோணேசபுரி மட்டுமே வேறு கதை: நிலாவெளி பஸ்ஸில் வீட்டிலிருந்தே போய்வரலாம். குடும்ப வருமானம் இறுக்கமாக இருந்தாலோ வீட்டில் நோயாளி இருந்தாலோ அது பெரிய காரணம். பிள்ளையை விட மனமில்லை என்பது மட்டும் என்றால் அதைக் காரணமாக எழுதவேண்டாம்.

பதிவுக்கு முன்னும் பின்னும்

முடிவுத் திகதிக்கு மூன்று நாள் முன்னராவது விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். கடைசி இரவில் இணையம் இழுக்கும். அனுப்பிய பிரதியை அச்சிட்டு, ஒவ்வொரு குறியீட்டையும் கையேட்டோடு இன்னொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறினால் கம்பஸே மாறும். தெரிவானதும் வரும் பதிவுத் திகதியைத் தவறவிட்டால் இடம் போய்விடும். பதிவு செய்துவிட்டு 'அடுத்த முறை பார்ப்போம்' என்று நினைப்பவர்கள், மீண்டும் விண்ணப்பிக்கும் தகுதி பற்றிய பகுதியைப் பதிவுக்கு முன்பே வாசிக்கவேண்டும்.

பொறியியலைத் தெரிந்தவர்களுக்கு அடுத்த வேலை உடனே தொடங்குகிறது. துறை பிரிப்பது முதலாம் வருடப் புள்ளியில் என்பதால், எந்தத் துறை வேண்டும் என்று தெரியாதவர்தான் எல்லாரையும்விட அதிகப் புள்ளி எடுக்கவேண்டியவர். கம்பஸ் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களில் வகையீடு, தொகையீடு, சிக்கலெண்கள், தாயங்கள் ஆகியவற்றை ஆங்கிலப் புத்தகத்தில் மறுபடி படியுங்கள். கணிதம் தெரிந்ததாகவே இருக்கும், சொற்கள்தான் புதிது. நிரலாக்கத்துக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். முதல் அரையாண்டுப் பெறுபேறு வந்ததும், துறை விருப்பப் படிவம் கொடுக்கும் முன்பு, ஒவ்வொரு துறையின் மூன்றாம் வருடப் பாடப் பட்டியலையும் எடுத்து வாசியுங்கள். துறையின் உண்மையான முகம் அங்கேதான் தெரியும்.